எதிரில் அமர்ந்தவருக்குத் தந்த மரியாதை

ஒரே மேடையில் ஒரே விளையாட்டைக் கால் நூற்றாண்டு காலம் நடத்திவந்த ஒரு மனிதர் பொதுவாழ்வுக்கு என்ன செய்தார் என்ற விசாரணை, அவர் அந்த மேடையை விட்டு இறங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுவது இயல்புதான். 2000-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் ஆரம்பமான ‘கௌன் பனேகா கரோர்பதி’ என்னும் ஹிந்தி வினாடி வினா நிகழ்ச்சி, 2025 ஜூலையில் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து, அடுத்த மாதமே தன் பதினேழாவது சீசனையும் தொடங்கியது. 1942 அக்டோபர் 11-ஆம் தேதி பிறந்தவரான அமிதாப் பச்சன், இடையில் ஒரே ஒரு சீசன் நீங்கலாக, மற்ற யாவற்றையும் தாமே நடத்தியிருக்கிறார். அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமரப்போவது யார் என்ற பேச்சு பத்திரிகைகளில் அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம், இத்தனை காலம் அவர் செய்தது என்ன, அதன் மதிப்பு என்ன என்ற சர்ச்சையும் கூடவே எழுகிறது.

அறிவுக்கு ஜனங்கள் மத்தியில் ஒரு கௌரவத்தை உண்டாக்கித் தந்தவர் அவர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அறிவை லாட்டரிச் சீட்டாக மாற்றியவர், ஏழைகளின் கண்ணீரை விளம்பர நேரத்துக்கு விற்ற வியாபாரத்தின் முகமாக இருந்தவர் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்றாலும், இருவரும் பணத்தையும் கேள்விகளையுமே பார்த்துக்கொண்டு, அந்த மேஜைக்கு இரு புறமும் அமர்ந்திருந்த மனிதர்களைக் கவனியாமல் விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். தேசம் முழுவதும் அறிந்த ஒரு பெரிய மனிதர், தம் தெருவுக்கு வெளியே எவரும் அறியாத ஒரு சாமான்யர் எதிரில் எவ்விதம் அமர வேண்டும், எவ்விதம் பேச வேண்டும், எவ்விதம் மௌனமாக இருக்க வேண்டும் என்பதை ஆயிரக்கணக்கான மாலைப்பொழுதுகளில் செய்து காட்டியதே பச்சனின் பிரதானமான சாதனை என்றும், அவருடைய திரைப்படங்களைக் காட்டிலும் அது நீடித்து நிற்கத் தக்கது என்றும் நான் கருதுகிறேன்.

அந்த மேடைக்கு அவர் வந்த சந்தர்ப்பத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1969-இல் ‘சாத் ஹிந்துஸ்தானி’ படத்தில் அறிமுகமாகி, எழுபதுகளில் கோபக்கார இளைஞனாக வட இந்தியாவையே ஆட்கொண்டு, 1984-இல் அலகாபாத் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போய், 1987-இல் அந்தப் பதவியைத் துறந்துவிட்டு வந்தவர், தொண்ணூறுகளின் மத்தியில் ஏ.பி.சி.எல். என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1996-இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டியை நடத்திய அந்தக் கம்பெனி, பெரும் நஷ்டத்தில் ஆழ்ந்து, நலிந்த தொழில் நிறுவனமாக அறிவிக்கப்படும் நிலைக்கு வந்தது. ஏறத்தாழ 90 கோடி ரூபாய் கடன், கடன் கொடுத்தவர்கள் தொடுத்த வழக்குகள், ஓடாத படங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கடி சூழ்ந்திருந்த காலத்திலேதான் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளித்திரையின் சிகரத்தில் இருந்த ஒருவர் சின்னத்திரைக்கு வருவது பதவியிறக்கம் என்று அக்காலத்தில் பரவலாக எண்ணப்பட்டது. அவர் குடும்பத்திலேயே தயக்கம் இருந்தது. ஆகவே, தேச சேவை செய்யும் நோக்கத்தோடு அவர் அங்கே வந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பணம் தேவைப்பட்டது, வந்தார். ஆனால், தேவையின் நிமித்தம் ஏற்றுக்கொண்ட ஒரு வேலையை ஒரு மனிதன் எவ்வளவு சிரத்தையோடு செய்கிறான் என்பதில் அவன் குணம் வெளிப்பட்டு விடுகிறது அல்லவா?

இந்த நிகழ்ச்சியின் மூலம் பிரிட்டனைச் சேர்ந்தது. 1998 செப்டம்பரில் ஐ.டி.வி.யில் கிறிஸ் டாரன்ட் என்பவர் நடத்தத் தொடங்கிய ஒரு விளையாட்டு, சில ஆண்டுகளுக்குள் உலகின் பல தேசங்களுக்கும் பரவியது. பச்சன் லண்டனுக்குச் சென்று, அங்கே படப்பிடிப்பு நடக்கும் முறையை நேரில் பார்த்த பின்னரே இதற்கு இசைந்தார். இந்தியாவில் இதைத் தயாரிக்கும் பொறுப்பு சித்தார்த்த பாசுவிடம் வந்தது. பாசு 1985-இல் தூர்தர்ஷனில் ‘குவிஸ் டைம்’ நடத்தியவர். அந்த நாளைய வினாடி வினா என்பது ஆங்கிலம் பேசும் கல்லூரி மாணவர்கள் பங்குகொண்ட ஒரு கேளிக்கை. நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தவர்களின் பிரத்தியேக உலகம். மற்றவர்கள் வீட்டில் அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. 2000-இல் அந்தக் கதவு திறந்தது. தொலைபேசி இருந்தால் போதும், ஹிந்தி தெரிந்தால் போதும், எந்த ஊர்க்காரரும் எந்தத் தொழில் செய்பவரும் அந்த அரங்கத்துக்குள் வரலாம் என்ற நிலை உண்டாயிற்று. பாசுவின் பங்கை மறந்துவிட்டுப் பச்சனின் புகழை மட்டும் பாடுவது நியாயமன்று.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கிய அச்சு. இசை, விளக்கு, பதினைந்து கேள்விகளின் ஏணி, மூன்று லைஃப்லைன்கள் எல்லாம் அங்கேயே வகுக்கப்பட்டவை. யார் அமர்ந்திருந்தாலும் அது வெற்றி பெற்றிருக்கும். இதில் பச்சனுக்கு என்ன தனிப் பெருமை என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். இதற்கு விடை சொல்ல நாம் ஊகத்தில் இறங்க வேண்டிய அவசியமில்லை. சரித்திரமே பரீட்சை நடத்திப் பார்த்திருக்கிறது.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஜீ தொலைக்காட்சி, அனுபம் கேரையும் மனீஷா கொய்ராலாவையும் கொண்டு ஒரு போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. பரிசுத் தொகை பத்துக் கோடி. அதாவது பச்சன் கொடுத்ததைப் போல் பத்து மடங்கு. பணம்தான் ஜனங்களை இழுத்தது என்றால் தேசம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, அந்த நிகழ்ச்சி சீக்கிரமே மறைந்தது. அடுத்து, ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியே பிரிட்டனிலிருந்து மற்றொரு விளையாட்டைத் தருவித்து, நீனா குப்தாவை நடத்தச் செய்தது. தவறான விடை சொன்னவரை முகத்துக்கு நேரே கடிந்து, இகழ்ந்து வெளியே அனுப்புவதே அந்த விளையாட்டின் சாரம். நீனா குப்தா மிகத் தேர்ந்த நடிகை. அவருக்குக் கொடுத்த வேலையை அவர் செவ்வனே செய்தார். இருந்தும் அது நிலைக்கவில்லை. 2007-இல் பச்சனின் ஆசனத்திலேயே ஷாருக் கான் அமர்ந்தார். அவர் அப்போது ஹிந்தித் திரையுலகின் உச்சத்தில் இருந்தவர், சமயோசிதமாகப் பேசுவதில் நிகரற்றவர், போட்டியாளர்களை அன்போடு கட்டித் தழுவியவர். அரங்கமும் இசையும் அச்சும் மாறவில்லை. மனிதர் மட்டுமே மாறியிருந்தார். அந்த சீசனோடு ஸ்டார் பிளஸில் அந்த நிகழ்ச்சி முடிவுற்றது. மூன்றாண்டுகள் கழித்து, 2010 அக்டோபர் 11-ஆம் தேதி, தம் பிறந்தநாளன்று, சோனி தொலைக்காட்சியில் பச்சன் மீண்டும் வந்து அமர்ந்த பிறகுதான் அது உயிர் பெற்றது.

நம் பக்கத்து அனுபவமும் இதையே சொல்கிறது. தமிழில் இந்த அச்சு பல கைகள் மாறியிருக்கிறது. தொடக்கத்திலேயே சன் டி.வி.யில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தினார். 2012-இல் விஜய் டி.வி.யில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை சூர்யா நடத்த, அடுத்த முறை பிரகாஷ் ராஜ் நடத்தினார், பிறகு கலர்ஸ் தமிழில் பெண்களுக்கென்றே ‘கோடீஸ்வரி’யை ராதிகா நடத்தினார். எல்லோரும் பெயர் பெற்றவர்கள், எல்லோரும் உழைத்தவர்கள். ராதிகாவின் நிகழ்ச்சியில், காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண்மணி ஒருவர் உதட்டசைவைப் படித்தே விடை சொல்லி ஒரு கோடி ரூபாய் வென்றது, தமிழ்த் தொலைக்காட்சி பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய சம்பவம். ஆயினும் அவற்றுள் எதுவும் ஒரு மனிதரோடு இணைந்து, ஆண்டுகள் தோறும் வளர்ந்து, ஒரு ஸ்தாபனமாக உருப்பெறவில்லை. கன்னடத்தில் புனீத் ராஜ்குமார், மலையாளத்தில் சுரேஷ் கோபி, தெலுங்கில் நாகார்ஜுனா, வங்காளத்தில் சௌரவ் கங்குலி என்று ஒவ்வொரு பாஷையிலும் அந்த ஊரின் பிரியமானவர்கள் முயன்றிருக்கிறார்கள். அவர்களில் சிலர் நல்ல வரவேற்பையும் பெற்றார்கள். கால் நூற்றாண்டு நிலைத்து நின்றவர் ஒருவரே.

அந்த நிலைபேற்றின் ரகசியம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், முதல் சீசனில் ஒரு கோடி வென்ற முதல் மனிதரின் கடைசிக் கேள்வியைப் பார்க்கலாம். ஹர்ஷ்வர்தன் நவாதே என்பவர் அப்போது சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர். ஆயிரம் ரூபாயில் தொடங்கிய ஏணியில் ஏறி ஐம்பது லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்குகொள்ள அரசியலமைப்புச் சட்டம் பின்வருவோரில் யாருக்கு அனுமதி தருகிறது என்பது கேள்வி. விடை, அட்டர்னி ஜெனரல். சட்டம் படித்தவர்களுக்கு எளிய கேள்விதான்; ஆனால் தவறாகச் சொன்னால் ஐம்பது லட்சம் மூன்று லட்சத்து இருபதாயிரமாகக் குறைந்துவிடும் என்ற நிலையில், எளிதான கேள்வி என்று உலகத்தில் எதுவும் இல்லை. அந்த வேளையில் நடத்துபவர் செய்யக்கூடிய காரியங்கள் பல. அவசரப்படுத்தலாம், முகக்குறியால் விடையைக் காட்டிக்கொடுத்து விடலாம், தம் பதற்றத்தால் எதிரில் இருப்பவரின் பதற்றத்தைப் பெருக்கலாம், சிரிக்க வைக்கிறேன் என்று கவனத்தைச் சிதற அடிக்கலாம். பச்சன் இவற்றில் எதையும் செய்யாமல், நிச்சயம்தானா என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, யோசிக்க வேண்டிய அவகாசம் முழுவதையும் யோசிப்பவருக்கே விட்டுக் காத்திருப்பார். விடை பதிவான பிறகு அதைச் சரியென்றோ தவறென்றோ அறிவிக்கும் வரையில் அவர் அனுஷ்டிக்கும் அந்த மௌனம், நாடகத் தந்திரம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அதிலே ஒரு தர்மமும் இருக்கிறது. தீர்மானம் உன்னுடையது, உன் தீர்மானத்தில் நான் குறுக்கிட மாட்டேன், அதன் பலன் எதுவானாலும் உன்னோடு கூட நான் இங்கே அமர்ந்திருப்பேன் என்று அந்த மௌனம் சொல்லிற்று.

அவர் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளமையில் அகில இந்திய வானொலியில் வேலை கேட்டுச் சென்றபோது தேர்வு பெறாமல் திரும்பியவர் அவர் என்பது பிரசித்தமான செய்தி. அதே குரலைத்தான் 1969-இல் மிருணாள் சென் ‘புவன் ஷோம்’ படத்திலும், 1977-இல் சத்யஜித் ரே ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ படத்திலும் கதை சொல்வதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். கவிஞர் ஹரிவம்ஶ ராய் பச்சனின் புதல்வர் என்ற முறையில் அவருக்கு வாய்த்த பாஷை வளம், திரைப்பட வசனத்தில் ஒருபோதும் முழுமையாகச் செலவாகவில்லை. இந்த மேடையிலே செலவாயிற்று. சுத்தமான, பழகிய, பண்பட்ட ஹிந்தியில், பார்வையாளர்களைப் பெண்மக்களே, பெருமக்களே என்று விளித்துத் தொடங்கி, இயந்திரத்தைக்கூட ‘கம்ப்யூட்டர் ஜி’ என்று மரியாதையாக அழைத்து, பள்ளிக்கூடச் சிறுவனையும் பன்மையில் விளித்து அவர் பேசினார். பெண் ஒருவர் நாற்காலியில் அமர வரும்போது, நாற்காலியைப் பிடித்து அமர உதவினார். வென்றவரை வாசல் வரை கொண்டு விட்டதைப் போலவே, முதற்கேள்வியிலேயே தோற்றுப் போனவரையும் கைகுலுக்கி அனுப்பினார். பொறுமையில்லாத ஒரு சிறுவன் அண்மையில் அந்த நாற்காலியிலிருந்து எடுத்தெறிந்து பேசியபோது, ஊரெல்லாம் அந்தக் குழந்தையை ஏசிற்று; எதிரில் அமர்ந்திருந்த முதியவரோ கடைசி வரை முகம் சுளிக்கவில்லை.

இத்தகைய மரியாதை யாருக்குக் கிடைத்தது என்பதே முக்கியம். 2019-இல் மகாராஷ்டிர மாநிலம் அமராவதி மாவட்டத்திலிருந்து பபிதா தாடே என்ற பெண்மணி வந்தார். அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைப்பவர். நானூற்றைம்பது குழந்தைகளுக்குக் கிச்சடி ஆக்கிப் போடுவதற்கு மாதம் 1,500 ரூபாய் ஊதியம் பெற்றவர். வென்ற பணத்தில் முதலில் என்ன வாங்க விரும்புகிறார் என்றால், ஒரு கைபேசி. வீட்டில் இருந்த ஒன்றையே எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு கோடி ரூபாய் வென்றார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அடுப்படியில் நின்றபடியே படித்தும் கேட்டும் சேர்த்து வைத்திருந்த ஞானம் இந்த ஒரு மேடையில் பரீட்சிக்கப்பட்டு, சமமான மதிப்போடு அங்கீகரிக்கப்பட்டது என்பதுதான். 2010-இல் ஜார்க்கண்டிலிருந்து வந்து, ஒரு கோடி வென்ற முதல் பெண்மணியான ராஹத் தஸ்லீம் முதல், ஒரு கோடி வென்றவர்கள் அனைவருமே பெண்களாக அமைந்த 2020-ஆம் ஆண்டு சீசன் வரையில், வீட்டுக்குள்ளே யாரும் கேட்காத அறிவு எத்தனை பெண்களிடம் குவிந்து கிடக்கிறது என்பதைத் தேசம் கண்ணாரக் கண்டது.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். அவற்றை மழுப்பிவிட்டுப் புகழுரை எழுதுவது அந்த மனிதருக்கும் பெருமையன்று, வாசகருக்கும் உபகாரமன்று.

தகவல் வேறு, ஞானம் வேறு என்பது முதலாவது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்தைக் கல்வியென்று கொள்ளும் மயக்கம் ஏற்கெனவே நம் பரீட்சை முறையில் வேரூன்றியிருக்கிறது. அந்த மயக்கத்துக்கு இந்த நிகழ்ச்சி மாலைதோறும் நீர் வார்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. இன்ன ஆண்டில் இன்ன கோப்பையை வென்றவர் யார் என்ற கேள்விக்கு விடை தெரிவதால் ஒருவர் வாழ்விலோ சமூகத்திலோ எதுவும் மாறிவிடுவதில்லை. ஆனால் இந்தக் குற்றத்தைப் பச்சனின் தலையில் மட்டும் சுமத்துவது, பள்ளிக்கூடங்களையும் தேர்வாணையங்களையும் தப்பவிடுவதாகும்.

இரண்டாவது இதைவிடக் கடுமையானது. சோனிக்குச் சென்ற பிற்பாடு, போட்டியாளரின் வறுமையையும் நோயையும் குடும்பத் துயரத்தையும் முன்கூட்டியே படம்பிடித்து, சோக வாத்தியத்தோடு போட்டுக் காட்டி, அவர் அழுவதையும் பார்வையாளர்கள் அழுவதையும் நெருக்கத்தில் காட்டும் வழக்கம் பெருகியது. மனிதனின் அறிவைப் பரீட்சிக்க அழைத்துவிட்டு, அவன் கஷ்டத்தைக் காட்சிக்கு வைப்பது முறையன்று. கேள்விக்கு விடை சொல்லத் தகுதி பெற்றே அவன் அந்த நாற்காலிக்கு வந்தான்; இரக்கத்துக்குப் பாத்திரனாக வரவில்லை. தயாரிப்பாளர்களின் முடிவு இது என்று சொல்லிப் பச்சனை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட முடியாது. அவர் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளக்கூடிய ஸ்தானத்தில் அவர் இருந்தார். சொன்னதாகத் தெரியவில்லை. புதிய படங்களின் விளம்பரத்துக்காக நட்சத்திரங்கள் வந்து அமர்ந்து போகும் நாட்களும் அப்படித்தான். அந்த நாட்களில் ஒரு சாமான்யருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலி வீணாயிற்று.

மூன்றாவது, வென்றவர்களின் கதி. 2011-இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து வந்த சுஷில் குமார், ஊரக வேலை உறுதித் திட்டத்தில் மாதம் 6,000 ரூபாய் சம்பளத்துக்குக் கம்ப்யூட்டர் இயக்குபவராக இருந்தவர், ஐந்து கோடி ரூபாய் வென்றார். தேசமே ஆரவாரித்தது. அதன் பின் வந்த ஆண்டுகள் தம் வாழ்வின் மிக மோசமான காலம் என்று 2020-இல் அவரே பகிரங்கமாக எழுதினார். ஏமாற்றியவர்கள் பலர், படிப்பு தடைப்பட்டது, தீய பழக்கங்கள் தொற்றின, குடும்பத்தில் மனஸ்தாபம் வளர்ந்தது. ஊருக்குத் திரும்பி, மரக்கன்றுகள் நடுவதிலும் கற்பிப்பதிலும் அவர் நிம்மதி கண்டார். ஓர் இரவில் ஐந்து கோடியைக் கொடுக்கிற ஸ்தாபனத்துக்கு, அந்தப் பணத்தைக் கையாளும் வழியைச் சொல்லிக் கொடுக்கவும், சில ஆண்டுகள் துணை நிற்கவும் கடமை உண்டு. அந்தக் கடமை போதுமான அளவு நிறைவேறவில்லை என்பதற்கு இந்த ஒரு மனிதரின் வாக்குமூலமே சாட்சி.

இந்த மூன்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் தராசு மறுபக்கமே சாய்கிறது. அதற்கு மற்றொரு சம்பவத்தையும் காரணமாகச் சொல்வேன். 2020 அக்டோபரில், மலக்குழிகளில் மனிதரை இறக்கும் கொடுமைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடி வரும் பெஸ்வாடா வில்சன், விசேஷ விருந்தினராக அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1927 டிசம்பர் 25-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கரும் அவருடைய ஆதரவாளர்களும் எந்த நூலின் பிரதிகளை எரித்தார்கள் என்று பச்சன் கேட்டார். மனுஸ்மிருதி என்பது விடை. மகாடில் நடந்த அந்தச் சம்பவம் சரித்திரத்தில் பதிவானது. அதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் மதத்தைப் புண்படுத்திவிட்டதாக அவர் மீதும் தயாரிப்பாளர்கள் மீதும் போலீஸில் புகார்கள் கொடுக்கப்பட்டன. லக்னௌவில் வழக்கும் பதிவாயிற்று. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய ஓர் உண்மை, கோடிக்கணக்கான வீடுகளில் இராச் சாப்பாட்டு வேளையில் ஹிந்தியிலே ஒலித்தது. அந்த உண்மையைக் கேட்கவும், அதை வில்சன் போன்ற ஒருவருக்கு எதிரில் கௌரவமாகக் கேட்கவும், ஹிந்தித் தொலைக்காட்சியில் வேறு மேடை எது இருந்தது?

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. நம் தொலைக்காட்சிகளில் போட்டி நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பலவற்றிலும் தொகுப்பாளரின் பிரதான ஆயுதம் கேலியாகவே இருக்கிறது. வந்தவரின் நிறம், பருமன், பேச்சு வழக்கு, படிப்பு, ஊர் ஆகியவை சிரிப்புக்குப் பொருளாக்கப்படுகின்றன. வந்தவரும் தம்மைத் தாமே கிண்டல் செய்துகொண்டால்தான் அந்த மேடையில் இடம் என்று கற்றுக்கொண்டு, அதற்குத் தயாராகவே வருகிறார். குழந்தைகளைப் பாட அழைத்துவிட்டு அழ வைக்கிறோம். வயதான அம்மாவை நீ என்று பேசிவிட்டு அதை உரிமை என்று சொல்லிக்கொள்கிறோம். விருந்தோம்பலைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்து வைத்த பாஷையில் வந்தவரை இப்படி நடத்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இது தவிர்க்க முடியாதது, மரியாதையாகப் பேசினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சமாதானம் சொல்வதுண்டு. பச்சனின் இருபத்தைந்து ஆண்டுகள் அந்தச் சமாதானத்தைப் பொய்யாக்கிவிட்டன. மரியாதை வியாபாரத்துக்கு விரோதமானது அன்று என்பதை, பெரும் வியாபாரமாகவே நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவர் நிரூபித்தார்.

அவர் திரையில் ஏற்ற கோபக்கார இளைஞன் வேஷம் ஒரு தலைமுறையின் ஆத்திரத்துக்கு உருவம் கொடுத்தது. அந்தத் தலைமுறை போயிற்று, அதன் ஆத்திரத்தின் காரணங்களும் வேறு வடிவம் எடுத்துவிட்டன. விளம்பரங்களில் அவர் சிபாரிசு செய்த பொருள்களை எண்ணி மாளாது. அவற்றை யாரும் அவருடைய சாதனையாக நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. அரசியலில் அவர் இருந்தது மூன்றாண்டு. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது அந்த மேஜையும் இரண்டு நாற்காலிகளும்தான். அதுவே அவருடைய முதன்மையான படைப்பு என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தமிழில் இப்படி ஒரு நிகழ்ச்சியை மறுபடியும் தொடங்க எண்ணும் தொலைக்காட்சி அதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். நடத்துவதற்கு ஆள் தேடும்போது, அவருடைய கடைசிப் படம் எத்தனை நாள் ஓடியது என்று பார்க்க வேண்டாம். முதற்கேள்வியிலேயே தோற்று, வெறுங்கையோடு எழுந்து நிற்கும் ஒருவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று ஒத்திகையில் கவனியுங்கள். அதை வைத்து அவரைத் தேர்ந்தெடுங்கள்.